டப்ளினில் பிறந்த கப்பல்

கோபன்ஹேகனிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் ரோஸ்கில்டே. ரயிலில் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். வைக்கிங்குகளின் காலத்தையும் அதை ஒட்டி வந்த இடைக்காலத்தையும் ஒரே நாளில் சுற்றிக்காட்ட டென்மார்க்கில் இதைவிட வசதியான வழி இல்லை. காலையில் ரோஸ்கில்டேயின் கப்பல் அருங்காட்சியகம், மதியம் மேட்டின்மேல் நிற்கும் பேராலயம், அதன்பின் இன்னும் மேற்கே ஸ்லாகெல்சே ஊருக்கு அருகில் டிரெல்லெபோர்க் என்னும் வட்டக்கோட்டை.

அருங்காட்சியகத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் ரோஸ்கில்டே ஃபியோர்டு என்னும் நீண்ட கடற்கழியின் தண்ணீர். உள்ளே கறுத்துப்போன ஐந்து பழங்கப்பல்கள். அவற்றில் நீளமானதன் அருகே வழிகாட்டி நின்று, “இது 1042-ஆம் ஆண்டு அயர்லாந்தில், டப்ளின் பக்கத்தில் கட்டப்பட்ட போர்க்கப்பல்” என்பார். கூட்டம் தலையாட்டிவிட்டு அடுத்த கப்பலுக்கு நகரும். நகராமல் நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான். கப்பலில் கல்வெட்டு இல்லை, கட்டியவர் பெயர் இல்லை. கிடைத்ததோ மொத்தக் கப்பலில் கால்வாசி. கடல் கடந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு நகரத்தையும், நூற்றாண்டை அல்ல, ஒற்றை ஆண்டையும் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

ரோஸ்கில்டேக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்குல்டெலேவ் என்ற கிராமம். அதன் அருகே ஃபியோர்டு குறுகும் ஒரு கால்வாயில் கற்குவியலும் மரமும் மூழ்கிக் கிடப்பது மீனவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். ராணி முதலாம் மார்கிரேத்தேயின் காலத்தில் மூழ்கடித்த கப்பல் என்று ஊரில் ஒரு கதை. அவர் இறந்தது 1412-இல். 1957 முதல் மூழ்கிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, கட்டுமானத்தைக் கண்டதுமே கதை பொருந்தவில்லை. மரம் முந்நூறு ஆண்டுக்கும் மேலாக அதற்கு முந்தியது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோஸ்கில்டே டென்மார்க்கின் முக்கிய நகரம். கடல்வழியே வரும் எதிரியைத் தடுக்க, ஓய்ந்துபோன கப்பல்களில் கல்லை நிரப்பி நீர்வழியின் குறுக்கே மூழ்கடித்திருக்கிறார்கள்.

1962-இல் ஓலாஃப் ஓல்சனும் ஓலே க்ரும்லின்-பெடர்சனும் ஃபியோர்டின் நடுவே இரும்புத் தகடுகளை இறக்கி அணை கட்டினார்கள். உள்ளே இருந்த தண்ணீரை இறைத்துவிட்டு நான்கே மாதங்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். முதலில் ஆறு கப்பல்கள் என்று எண்ணி எண் கொடுத்திருந்தார்கள். இரண்டும் நான்கும் ஒரே நீண்ட கப்பலின் பகுதிகள் என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் இன்றும் அருங்காட்சியகத்தில் 1, 2, 3, 5, 6 என்று இருக்கின்றன, 4 இல்லை.

ஆயிரம் ஆண்டு சேற்றில் கிடந்த மரம் பார்க்க முழுசாக இருக்கும். ஆனால் அதன் நுண்ணறைகளைத் தாங்கி நிற்பது தண்ணீர் மட்டுமே. காயவிட்டால் அறைகள் மடங்கிச் சுருங்கிப் பலகை உருத்தெரியாமல் போய்விடும். எனவே வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலில் நெடுங்காலம் ஊறவைத்தார்கள். அது மெல்ல மெல்ல உள்ளே புகுந்து தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் மரம் காய்ந்தாலும் வடிவம் குலையாது. ஆயிரக்கணக்கான துண்டுகளை இப்படிப் பக்குவப்படுத்தி, எது எதன் பக்கத்தில் என்று கண்டுபிடித்து இணைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இனி அந்த 1042. ஓக் மரம் வசந்தத்தில் பெரிய துளைகளுள்ள குழாய்களை வளர்க்கும், கோடையில் நெருக்கமான, அடர்ந்த மரத்தை. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும். ஆக ஓர் ஆண்டுக்கு ஒரு வளையம். மழையும் வெயிலும் இசைந்து வந்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் ஒல்லி. ஒரே வட்டாரத்து ஓக் மரங்கள் ஒரே வானிலையைக் கண்டவை என்பதால், அவற்றின் வளையங்களில் அகலமும் ஒடுக்கமும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். அந்த வரிசை இன்னொரு நூறாண்டில் அப்படியே திரும்ப வராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அரிசோனாவில், சூரியனின் போக்குக்கும் வானிலைக்கும் தொடர்பு தேடிய ஏ. ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர்தான் இதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார்.

இன்று வெட்டிய மரத்தின் உள்வளையங்கள் பழைய வீட்டின் உத்தரத்தில் உள்ள வெளிவளையங்களோடு பொருந்தும். உத்தரத்தின் உள்வளையங்கள் அதைவிடப் பழைய பாலத்துக் கட்டையோடு பொருந்தும். இப்படிக் கோத்துக்கொண்டே பின்னோக்கிப் போனால் ஓர் ஆண்டுகூட விடுபடாத நீண்ட வரிசை கிடைக்கும். பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் சதுப்பில் புதைந்த ஓக் மரங்களைக்கொண்டு அயர்லாந்துக்கு ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீளும் வரிசையை 1980-களில் முடித்துவைத்தார்கள்.

ஸ்குல்டெலேவின் நீண்ட கப்பலை டென்மார்க் வரிசையோடு வைத்துப் பார்த்தபோது பொருந்தவில்லை. அயர்லாந்தின் வரிசையோடு, அதுவும் டப்ளின் அகழாய்வில் கிடைத்த மரங்களோடு, அழுத்தமாகப் பொருந்தியது. மரம் விழுந்த ஆண்டு மட்டுமல்ல, வளர்ந்த காடும் அதே வளையங்களில் இருக்கிறது. டப்ளின் அன்று வைக்கிங்குகள் நிலைநாட்டிய துறைமுக நகரம் என்பதால் வரலாற்றோடும் அது ஒத்துப்போகிறது. மற்றக் கப்பல்களுக்கும் இப்படி ஊர் கிடைத்தது. பெருங்கடல் சரக்குக்கப்பல் நார்வேயின் சோக்னெஃபியோர்டு பகுதியில் சுமார் 1030-இல் பைன் மரத்தில் கட்டியது. சின்னச் சரக்குக்கப்பல் டென்மார்க் ஓக். ஒரே கால்வாயை அடைக்க மூழ்கடித்த ஐந்தில் மூன்று நாடுகளின் காடுகள் இருந்தன. வைக்கிங் உலகம் எவ்வளவு விரிந்திருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சியை நான் அறியேன்.

ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டைத் துல்லியமாகச் சொல்லப் பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் இருக்க வேண்டும். தச்சர் வெளிப்பக்க வெள்ளை மரத்தைச் செதுக்கி எறிந்து உட்பக்க வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், போன வளையங்கள் எத்தனை என்று கணக்கிட்டு “இதற்கும் இதற்கும் இடையில்” என்றுதான் சொல்ல முடியும்.

வளையங்களின் அகலத்தை நம்பாமலே ஆண்டைப் பிடித்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 993-ஐ ஒட்டி வானிலிருந்து வந்த கதிர்ப் புயலால் அந்த ஆண்டின் வளையங்களில் கார்பன்-14 உலகெங்கும் திடீரென்று ஏறியிருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் தங்கிய லான்ஸ்-ஓ-மெடோஸில் இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகள் கிடைத்தன. அவற்றில் அந்த ஏற்றத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை வளையங்களை எண்ணினார்கள். 1021 என்று வந்தது. 2021-இல் அதை வெளியிட்டார்கள். கொலம்பஸுக்கு 471 ஆண்டுகள் முன்னால் ஐரோப்பியர் அங்கே மரம் வெட்டிய ஆண்டு அது.

அருங்காட்சியகத்தை ஒட்டிய படகுப் பட்டறையில் பலகை எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கலாம். வைக்கிங் தச்சர்கள் கப்பலுக்குப் பலகையை ரம்பத்தால் அறுக்கவில்லை. புதிதாக வெட்டிய ஈர ஓக்கில் ஆப்பு வைத்து அடித்து நடுவே பிளந்தார்கள். பாதியை மறுபடி பாதியாக, கால்வாசியை மறுபடி பாதியாகப் பிளந்துகொண்டே போனார்கள். விறகு பிளப்பவருக்குத் தெரியும், கோடாலி விழுந்ததும் மரம் தன் நார் போகும் போக்கிலேயே விலகும். ஆப்பு இறங்க இறங்க நீளமாக ஒரு விரிசல் ஓடும், நார் ஒன்றையொன்று விடும் சத்தம் கேட்கும். ரம்பமோ நாரை வழியில் அறுத்துவிடும், அறுந்த இடத்தில் தண்ணீரும் ஏறும், பலகையும் முறியும். பிளந்த பலகையில் நார் முனைக்கு முனை ஓடுகிறது. அதனால் அதை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை மெல்லியதாகக் கோடாலியால் செதுக்கலாம். ஒன்றின் ஓரத்தை அடுத்ததன்மேல் படியவைத்து இரும்பு ரிவெட்டால் இறுக்கினால் கப்பலின் உடல் தயார். லேசான, வளைந்துகொடுக்கும் உடல். ஆயுதங்களை விட, ஐரோப்பா முழுக்க அவர்களைக் கொண்டுபோனது இந்தப் பிளந்த பலகைதான் என்று எண்ணுகிறேன். பழைய பலகைகளில் இருக்கும் கோடாலித் தடங்களைப் பார்த்து, எந்த வடிவக் கோடாலி, எந்தக் கோணத்தில் விழுந்தது என்றும் கணித்திருக்கிறார்கள்.

அதை வைத்தே 2000 முதல் 2004 வரை டப்ளின் கப்பலை மறுபடி கட்டினார்கள். ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், 60 துடுப்புகள், 112 சதுர மீட்டர் பாய், சுமார் 300 ஓக் மரங்கள், 7,000 ஆணிகளும் ரிவெட்டுகளும். பெயர், ‘கிளென்டலோக்கின் கடல்குதிரை’. 2007 ஜூலை 1 அன்று அறுபது பேருக்கு மேல் ஏறி ரோஸ்கில்டேயிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் 14-இல் டப்ளினில் கரைசேர்ந்தார்கள். காற்று கைகொடுக்காமல் வட கடலின் ஒரு பகுதியில் துணைக்கப்பல் இழுத்துப்போக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு தெற்கே சுற்றித் திரும்பினார்கள். அலையில் கப்பலின் உடல் முறுக்கி நெளிவதைக் கருவிகளால் அளந்தார்கள்.

பேராலயத்தில் நேரம் குறைவாகத்தான் கிடைக்கும். 1170-களில் ஆயர் அப்சலோன் காலத்தில் தொடங்கிய செங்கல் கட்டடம், 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில். சுமார் நாற்பது அரசர்களும் அரசிகளும் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். ஊர்க்கதையில் வந்த மார்கிரேத்தேயின் கல்லறையும் இங்கேதான். முதலாம் கிறிஸ்டியன் சிற்றாலயத்தில் ஒரு தூணில் விருந்தினராக வந்த அரசர்களின் உயரத்தைக் குறித்திருக்கிறார்கள். கிறிஸ்டியனின் உயரம் 219 சென்டிமீட்டருக்கு மேல் என்று கோடு சொல்கிறது. எலும்புக்கூட்டை அளந்தபோது 188 தான். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையும் துறைமுகமும் எழக் காரணமான நான்காம் கிறிஸ்டியனும் இங்கே உறங்குகிறார். அவர் 1616-இல் தொடங்கிவைத்த கம்பெனியின் ஆட்கள்தான் 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

டிரெல்லெபோர்க்கில் மறுபடி மரத்திடமே வந்து சேர்கிறோம். மேலே புல் மூடிய மண் அரண், உள்வட்டத்தின் குறுக்களவு சுமார் 136 மீட்டர், நான்கு திசைக்கும் நான்கு வாயில். வாயில்களை இணைக்கும் இரண்டு சாலைகள் நடுவே ஒன்றையொன்று வெட்டி, நான்கு கால்வட்டங்கள். ஒவ்வொன்றிலும் சதுரமாக அமைந்த நான்கு நீள்வீடுகள், ஒவ்வொரு வீடும் 29.4 மீட்டர் நீளம். போல் நேர்லுண்ட் 1934 முதல் 1942 வரை தோண்டியபோது வீடுகள் மண்ணில் விட்ட குழிகள்தான் கிடைத்தன. அரணுக்குப் பயன்பட்ட மரங்களை வெட்டியது 980–981 குளிர்காலத்தில் என்று பிறகு வளையங்கள் சொன்னதும், யாருடைய கோட்டை என்ற கேள்வி தீர்ந்தது. அது ஹரால்ட் புளூடூத் அரசரின் காலம். இதே வடிவில் டென்மார்க்கில் மேலும் நான்கு கோட்டைகள் உண்டு. 2023-இல் ஐந்தும் சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின.

கோட்டைக்கு அருகே 1942-இல் மறுகட்டிய நீள்வீடு நிற்கிறது. சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம் அதற்கு. வெளிவரிசைக் குழிகளைத் தாழ்வாரத் தூண்களுக்கானவை என்று அன்று படித்தார்கள். பிறகு நுணுகிப் பார்த்தபோது அந்தக் குழிகள் செங்குத்தாக இல்லை, சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தன. அவை சுவரைத் தாங்கிய முட்டுக்கால்கள், தாழ்வாரமே கிடையாது. 1980-களில் ஜட்லாந்தின் ஃபிர்காட்டில் கட்டிய வீட்டில் சாய்ந்த முட்டுக்கால்களைக் காணலாம்.

அரணுக்கு வெளியே கல்லறை நிலம். பெரும்பாலும் இளம் ஆண்கள், சில குழிகளில் பலர் சேர்ந்து. பல்லின் எனாமல் சிறுவயதிலேயே உருவாகிவிடும். அப்போது உண்ட உணவும் குடித்த நீரும் கொண்டுவந்த ஸ்ட்ரான்ஷியம் தனிமத்தின் ஐசோடோப் விகிதம் அதில் அப்படியே தங்கிவிடும். அந்த விகிதம் அந்த நிலத்துப் பாறையைப் பொறுத்தது. 2011-இல் வெளியான ஆய்வில் இந்தப் பற்களைச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் டென்மார்க்கில் வளர்ந்தவர்கள் அல்லர். நார்வேயும் பால்டிக்கின் தென்கரை ஸ்லாவ் நாடுகளும் அவர்களின் ஊராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டென்மார்க்கை ஒன்றாக்கியதாக யெல்லிங் ஊரின் கல்வெட்டில் தன் பெயரைப் பொறித்த அரசரின் கோட்டைப் படையில் பாதிக்கு மேல் வெளியூர்க்காரர்கள். கட்டிச் சில ஆண்டுகளிலேயே மகன் ஸ்வேன் எதிர்த்தெழ, ஹரால்ட் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. கோட்டையும் நெடுங்காலம் நிற்கவில்லை. யாரும் பழுதுபார்க்காத அந்தச் சுவர்கள் அப்படியே மண்ணாகிப்போயின.