சதுரங்கக் கணிப்பொறிக்குத் தரம் காண்பது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் பாராதவர் அரியர். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று அதில் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் தூரம் தனி. பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓடவிட்டு, முந்தி வந்த வண்டிக்குப் பரிசு கொடுத்தால் ஊரார் ஒப்புவார்களா? ஒப்பமாட்டார்கள். பள்ளிப்படி ஏறாத பெரியவர்களும் அறிந்த இந்த நியாயம், சதுரங்கம் ஆடும் கணிப்பொறிகளின் உலகில் இன்றும் ஒரு சிக்கலாக இருந்து வருகிறது. அதைச் சற்றே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சதுரங்கம் ஆடும் நிரலை ‘எஞ்சின்’ என்பர். எஞ்சின் சாரதி என்றால், அது இயங்கும் கணிப்பொறியே மாடு. வேகமான கணிப்பொறியில் அதே எஞ்சின் அதே நேரத்திற்குள் மிகுதியான நிலைகளை ஆராய்ந்து, மேலும் பல நகர்த்தல்கள் முன்னே சென்று பார்க்கும். ஆகவே வெற்றி நிரலுடையதா, இயந்திரத்துடையதா என்று பிரித்தறிவது எளிதன்று.

ஆட்டக்காரரின் வலிமையைக் குறிக்கப் பேராசிரியர் அர்பாட் ஈலோ வகுத்த புள்ளிமுறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் ஏற்றுக்கொண்டது. இருவரிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால், வலியவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 64 மதிப்பெண் பெறுவார் என்பது கணக்கு. எஞ்சின்களுக்கும் இம்முறையிலேயே தரம் தருகின்றனர். ஆனால் எஞ்சினின் புள்ளி, அது ஓடிய இயந்திரத்தையும் சிந்திக்கக் கொடுத்த நேரத்தையும் பொறுத்தது.

நம் தமிழகத்தின் விசுவநாதன் ஆனந்த் ஆடிய ஒரு போட்டியே இதற்குச் சான்று. 1998-ல் இத்தாலியின் இஸ்கியா தீவில் ‘ரெபல் 10’ என்ற எஞ்சினுடன் அவர் 8 ஆட்டங்கள் ஆடினார். ஐந்து நிமிட அதிவேக ஆட்டங்கள் நான்கில் எஞ்சின் 3–1 என வென்றது. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டிலும் 1½–½ என அதுவே முந்தியது. நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி என்ற நிதான ஆட்டங்கள் இரண்டில் ஆனந்த் 1½–½ என வென்றார். அதே மனிதர், அதே எஞ்சின். நேரம் மாறியது, முடிவும் மாறியது.

2017 டிசம்பரில் ‘ஆல்பாஜீரோ’ என்ற நிரல் ‘ஸ்டாக்பிஷ்’ எஞ்சினை 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமநிலை, தோல்வியே இல்லை என்ற கணக்கில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. உலகம் வியந்தது, வல்லுநர்களோ வினா எழுப்பினர். ஆல்பாஜீரோ நான்கு சிறப்புச் சில்லுகளில் ஓடியது. ஸ்டாக்பிஷுக்கோ நினைவக ஒதுக்கீடு 1 கிகாபைட்தான். நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்ற இறுக்கமான விதி வேறு. 2018-ல் நினைவகத்தை 32 கிகாபைட்டாக உயர்த்தி, ஆட்டத்திற்கு மூன்று மணி நேரமும் அளித்து 1000 ஆட்டங்கள் ஆடிய முடிவை வெளியிட்டனர். ஆல்பாஜீரோ 155 வென்று 6 தோற்றது. வெற்றி நிலைத்தது, எனினும் ‘தோல்வியே இல்லை’ என்ற பெருமை நிலைக்கவில்லை.

நேர்மையான சோதனைக்கு வேண்டுவன யாவை? ஒரே வகைப் பிராசசர், ஒரே எண்ணிக்கையில் கோர்கள், ஒரே அளவு நினைவகம், ஒரே நேரக் கட்டுப்பாடு. ஒரே கணிப்பொறியில் இரண்டும் ஆடினால், எதிரியின் நேரத்தில் சிந்திக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் ஒன்று மற்றதன் பங்கைத் தின்றுவிடும். ஒவ்வொரு தொடக்க நிலையையும் வெள்ளையாக ஒருமுறை, கறுப்பாக ஒருமுறை இருவரும் ஆட வேண்டும். ஆட்டங்களும் நூற்றுக்கணக்கில் வேண்டும். 100 ஆட்டங்களில் 55–45 என்பது தற்செயலாகவும் நேரக்கூடும்.

இதை நானே பட்டறிந்தேன். விடுதியில் நண்பரும் நானும் இரண்டு மடிக்கணினிகளில் இரண்டு எஞ்சின்களை மோதவிட்டோம். ஒன்று தெளிவாக முந்தியது. மறுநாள் எஞ்சின்களை இடம் மாற்றினோம், முந்தியது பிந்திவிட்டது. பிறகுதான் கவனித்தோம்: ஒரு மடிக்கணினி மின் இணைப்பின்றிப் பேட்டரியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைச் சேமிக்கவும், நம் சித்திரை வெயில் போன்ற வெப்பத்திலிருந்து தற்காத்துக் கொள்ளவும் கணிப்பொறி தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்! முதல் நாள் இரவே வெற்றி வீரனை அறிவித்துவிட்ட எங்களுக்கு வெட்கமாயிற்று.

உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியினரும் இதற்கு வழி தேடினர். 2009-ல் எட்டுக் கோர்களுக்கு மேல் கூடாது என வரம்பு கட்டினர். 2010 முதல், விரும்பிய இயந்திரத்தைக் கொண்டுவரும் போட்டி ஒன்று, எல்லோருக்கும் ஒரே வகை இயந்திரம் தரும் போட்டி ஒன்று என இரண்டாகப் பிரித்தனர். நம் ஊர்ப் பந்தயப் பிரிவுகள் அங்கும் வந்துவிட்டன! ஆயினும் சாதாரணப் பிராசசரில் ஓடும் ஸ்டாக்பிஷையும் வரைகலை அட்டையை நம்பும் ‘லீலா’வையும் எப்படிச் சமன் செய்வது? விலையாலா, மின்செலவாலா? இதற்கு எல்லோரும் ஒப்பும் விடை இல்லை. எந்த நிலையில் அளந்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்வதே நேர்மை.

எண்ணை மட்டும் கண்டு தரம் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மின்விளக்கும் தனி வகுப்பும் பெற்றவர் மதிப்பெண்ணையும், களை எடுத்துவிட்டு வந்து படித்தவர் மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலில் காண்கிறோம். எண் பொய் சொல்லாது. ஆனால் முழுவதையும் சொல்லாது. அளக்குமுன், எந்த மாடு எந்த வண்டியில் ஓடியது என்று கேட்கப் பழகுவோமாக!