தருக்க வாயில்களும் வாளையாற்று இருப்புப்பாதையும்

மின்னணுக் கணிப்பொறியின் உள்ளே நடைபெறும் வேலை எத்துணைச் சிக்கலாகத் தோன்றினும், அதனை மூன்று எளிய வினைகளாகப் பகுத்துவிடலாம். அவ்வினைகளை நிறைவேற்றும் மின்சுற்றுகளே தருக்க வாயில்கள் எனப்படும். வாயிலுக்குள் புகுவனவும் அதிலிருந்து வெளிப்படுவனவும் 1, 0 என்னும் இரண்டே குறிகள். மின்னழுத்தம் உயர்ந்திருப்பின் 1 என்றும், தாழ்ந்திருப்பின் 0 என்றும் கொள்வது வழக்கம்.

'உம்' வாயிலில் இரு உள்ளீடுகளும் 1 ஆக இருந்தால்தான் வெளியீடு 1 ஆகும். 'அல்லது' வாயிலில் ஏதேனும் ஒன்று 1 ஆயினும் போதும். மறுப்பு வாயிலுக்கு உள்ளீடு ஒன்றே. 1 வரின் 0 தரும், 0 வரின் 1 தரும். சுற்றுப் படங்களில் இவை ஆண்ட், ஆர், நாட் எனக் குறிக்கப்பெறும். இத்தகைய கூற்றுகளுக்கு ஓர் இயற்கணிதம் உண்டு என்பதை ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அது மின் இணைப்புகளுக்கும் பொருந்தும் என்பதை 1937-இல் கிளாட் ஷானன் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

ஒரு மின்கலத்தோடு இரு சாவிகளைத் தொடராக இணைத்து விளக்கெரித்தால் அது 'உம்' வாயில். பக்கவாட்டில் இணைத்தால் 'அல்லது' வாயில். இவ்வளவையும் மாணவர் கால் மணி நேரத்தில் அறிந்துகொள்வர். எந்த இடத்தில் எந்த வாயிலை வைப்பது என்பதே கடினமான வினா. அதற்குப் பாலக்காட்டு எல்லையிலேயே தக்க சான்று உள்ளது.

வாளையாற்றை அடுத்த காட்டினூடே கோயமுத்தூர்–பாலக்காடு இருப்புப்பாதை செல்கிறது. யானைகள் அதனைக் கடக்கும் இடங்கள் பல. 2021 நவம்பர் 26 இரவு, மதுக்கரை அருகே சென்னை நோக்கிச் சென்ற விரைவுவண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. அதன் பின்னர், 2024 பிப்ரவரியில், தமிழ்நாடு வனத்துறை மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களில் ஒளிப்படக் கருவிகளை அமைத்து, யானை வரவை முன்னறிவிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது.

இத்தகைய ஓர் இடத்தில் வெப்பத்தை உணரும் கருவி ஒன்றும், நிலத்தின் அதிர்வை உணரும் கருவி ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் 'உம்' வாயிலில் இணைத்தால், காட்டுப் பன்றி நடமாட்டத்திற்கெல்லாம் எச்சரிக்கை எழாது. ஆனால் மூடுபனியில் ஒரு கருவி யானையைக் காணத் தவறினாலும் எச்சரிக்கை வாராது. 'அல்லது' வாயிலில் இணைத்தால் யானை தப்பாது அறியப்படும். வீண் எச்சரிக்கைகளோ பெருகும். ஒவ்வோர் இரவும் வீணே ஒலிக்கும் மணியைச் சில நாட்களில் எவரும் பொருட்படுத்தார் என்பதைக் களப்பணியாளர் நன்கறிவர். வீண் எச்சரிக்கையால் வண்டி சில நிமிடம் தாமதிக்கும். தவறிய எச்சரிக்கையால் உயிர் போகும். ஆகவே 'அல்லது' வாயிலையே முதற்கண் வைத்து, பிறகு வீண் எச்சரிக்கைகளைக் குறைக்க வழி தேடுவதே முறை என்பது நம் கருத்து.

மறுப்பு வாயிலின் அருமையையும் இருப்புப்பாதையிலேயே காணலாம். தண்டவாளங்கள் இரண்டின் வழியே சிறு மின்னோட்டம் சென்று ஒரு மின்காந்தத் தொடர்சாவியை இயக்கிக்கொண்டிருக்கும். வண்டி வந்ததும் அதன் அச்சுகள் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, மின்னோட்டம் குறுக்கே பாய்ந்து, சாவி விழுந்துவிடும். வண்டி உண்டு எனில் மின்னோட்டம் இல்லை. இல்லை எனில் உண்டு. கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் சாவி விழும். சிவப்பு விளக்கே எரியும். வகுப்பில் இதனைக் காட்ட இரண்டு டார்ச்சு விளக்குகளைத் தொடராக இணைத்து, இரண்டாவது விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சாவியை வைத்தால் போதும். சாவியை மூடினால் அவ்விளக்கு அணையும். முதல் விளக்கை எடுத்துவிடலாகாது. எடுத்தால் மின்கலம் குறுக்கிணைப்பாகிச் சூடேறிக் கெடும்.

இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. அங்குள்ள ஆசிரியர்கள் மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்தைச் சான்றாகக் கொள்ளலாம்; அங்கு 130 மெகாவாட் திறனுள்ள எந்திரங்கள் ஆறு உள்ளன. பொதுவாக நீர்மின் எந்திரம் ஓடத் தொடங்குவதற்குக் குளிர்நீர் ஓட்டமும், எண்ணெய் அழுத்தமும், தடை விலகியிருத்தலும் ஒருங்கே வேண்டும், அது 'உம்'. நிறுத்துவதற்கு மிகைவேகமோ, மிகைவெப்பமோ, எண்ணெய்க் குறைவோ ஒன்றே போதும், அது 'அல்லது'.

கடைகளில் கிடைக்கும் 7400 என்னும் சில்லில், 'உம்' வாயிலின் விடையை மறுத்துத் தரும் நேண்ட் வாயில்கள் நான்கு உள்ளன. இவ்வொரு வகையைக் கொண்டே ஏனைய எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். இச்சில்லு 5 வோல்ட்டில் இயங்கும், உள்ளீடு 0.8 வோல்ட்டுக்குக் கீழ் இருப்பின் 0, 2 வோல்ட்டுக்கு மேல் இருப்பின் 1. இணைக்காமல் விட்ட உள்ளீட்டை இவ்வகைச் சில்லு பெரும்பாலும் 1 எனவே கொள்ளும். எனவே உணர்கருவியைப் பொருத்துவோர், 'யானை உண்டு' என்பதற்கு 1 என்ற குறியை வைப்பது நன்று. கம்பியை எலி கடித்தாலும் மணி ஒலிக்கும்.