உஷார்! கம்ப்ரஸர் பைப்போடு ‘மஸ்தி’ வேண்டாம்

தாராவி கார்கானாக்களில் வேலை முடிந்ததும் பையன்கள் கம்ப்ரஸர் பைப்பை எடுத்து, சட்டையில் ஒட்டிய நூலையும் தூசியையும் ஊதித் தள்ளுவதுண்டு. வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவன் மற்றவன் முகத்தில் காற்றடிப்பான், அப்புறம் முதுகில். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அடுத்தது ஆசனவாய்.

2024 மார்ச்சில் பெங்களூரு சர்வீஸ் சென்டர் ஒன்றில் இந்த வரிசையில்தான் நடந்தது. வண்டியை விட வந்த 24 வயது இளைஞரிடம், அங்கே வேலை பார்த்த நண்பர் ‘விளையாடினார்’. குடல் கிழிந்து இளைஞர் இறந்தார், நண்பர் கைதானார். 2022 நவம்பரில் மேற்கு வங்கத்தின் ஹூக்ளி சணல் ஆலையில் இப்படிச் செய்தவர்கள் உடன் வேலை பார்த்தவர்களே. அந்தத் தொழிலாளியும் பிழைக்கவில்லை.

கார் டயருக்கே சுமார் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். பட்டறை கம்ப்ரஸரில் இருப்பது 100 பிஎஸ்ஐ அளவுக்கு. பெருங்குடலோ 4 பிஎஸ்ஐ வாக்கிலேயே கிழிந்துவிடும். ஒரு விநாடி போதும். பைப்பை உள்ளே விடக்கூட வேண்டாம். பேன்ட்டுக்கு மேல் நெருக்கிப் பிடித்தாலே காற்று உள்ளே போய்விடும்.

இதை விளையாட்டு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேட்டிடம் யாராவது இப்படி விளையாடிப் பார்த்ததுண்டா? ஊரிலிருந்து புதிதாக வந்த, எதிர்த்துப் பேசத் தெரியாத பையன் பக்கம்தானே பைப் திரும்புகிறது!

நடந்துவிட்டால் வயிறு உப்பி இறுகும், வலி தாங்காது, மூச்சு வாங்கும். ‘கேஸ்தான், சோடா குடி’ என்று உட்கார வைக்காதீர்கள். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். கிழிந்த குடலிலிருந்து மலம் வயிற்றுக்குள் கசிந்தால் உடம்பெல்லாம் விஷமாகும். உடனே ஆபரேஷன் தேவை. தாராவிக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான். வெட்கப்பட்டு ‘வழுக்கி விழுந்தேன்’ என்று பையன் சொல்வான். கூடப் போகிறவர் டாக்டரிடம் ‘காற்றடித்துவிட்டார்கள்’ என்று உடைத்துச் சொல்லிவிட வேண்டும்.

முதலாளிகளே, துணி தட்ட பிரஷ் வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் வால்வை மூடிப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ‘செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், போலீஸுக்குப் போகாதே’ என்று எந்த சேட்டாவது சொன்னால், அவர் பேசிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஆம்புலன்ஸுக்கு 108, போலீஸுக்கு 112 அடியுங்கள்.