தேடுபொறி காட்டாத தளங்கள்

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை 1914இல் தாம் மறையும்வரை நடத்தினார். அவ்விதழில் வெளிவந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்ட பின்னரே பண்டிதர் பரவலாக வாசிக்கப்பட்டார். இடையில் கழிந்தவை 85 ஆண்டுகள். அவராவது மீண்டு வந்தார். 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ நூலைப் புரட்டினால், பெயர் மட்டுமே எஞ்சிய இதழ்கள் எத்தனை என்பது தெரியும்.

அன்று இதழ்கள் செய்த பணியின் பெரும்பகுதியை இன்று சிறு இணையதளங்கள் செய்கின்றன. ஆங்கிலத்தில் ‘ரவுண்ட் டேபிள் இந்தியா’, காணொளியில் ‘தலித் கேமரா’ ஆகியவை அவ்வகையின. அம்பேத்கர் 1920இல் தொடங்கிய ‘மூக்நாயக்’ இதழின் பெயரையே ஏற்று 2021இல் ஒரு செய்தித்தளம் தோன்றியது. 2002இல் உத்தரப்பிரதேசத்தின் சித்திரகூட்டில் கிராமப்புறப் பெண்கள் அச்சிதழாகத் தொடங்கிய ‘கபர் லஹரியா’ பின்னர் இணையத்துக்கு மாறியது. பெயர் தெரிந்தவர்க்கு இத்தளங்கள் எளிதில் கிட்டும். பெயர் அறியாத மாணவர் ஒருவர் பொருளை மட்டும் கொண்டு தேடினால் இவை கண்ணில் படுமா என்பதே கேள்வி.

தேடுபொறி ஒரு பக்கத்தை முன்னே வைப்பதற்கான காரணங்களுள் முதன்மையான ஒன்று, பிற தளங்கள் அதற்கு எத்தனை இணைப்புகளைக் கொடுத்துள்ளன என்பது. இணைப்பு தரும் தளம் பெரிதாயின் அதன் மதிப்பும் பெரிது. ஆகவே பெரிய நாளேடுகளும் பல்கலைக்கழகங்களும் சுட்டாத தளம் பின்னுக்குப் போகிறது. இதில் தனியொருவரின் தீய நோக்கம் எதுவும் தேவையில்லை. யார் யாரை மேற்கோள் காட்டுவது என்னும் பழைய சமூக வழக்கமே கணக்காக மாறி நம்முன் வந்து நிற்கிறது.

தமிழில் இச்சிக்கலுக்கு வேறு அடுக்குகளும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் திஸ்கி, டாப், பாமினி எனப் பல எழுத்துருக் குறியாக்கங்களில் இயங்கின. அவ்வாறு தட்டச்சான பக்கம் கணினிக்கு வெறும் ரோமன் எழுத்துக் குவியல். இன்றைய தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடினால் அகப்படாது. அத்தகைய பக்கம் கண்ணில் பட்டால் கடந்துவிடாமல், இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் இட்டுப் பாருங்கள். வருடிப் படமாக ஏற்றிய நூல்களும் எழுத்துணரி வழியே உரையாக மாற்றப்படாதவரை உள்ளடக்கத் தேடலுக்குத் தப்பிவிடும். போதாக்குறைக்கு, அயோத்திதாசர், அயோத்திதாஸ், அயோத்திதாச பண்டிதர் என ஒரே பெயருக்குப் பல வடிவங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் பயன் தரும்.

இவற்றினும் முக்கியமானது சொல்லின் வரலாறு. ‘தலித்’ என்னும் சொல் தமிழில் பரவலானது 1980களுக்குப் பின்னர். நூறாண்டு முந்தைய ஆவணத்தில் அதைத் தேடி, ஒன்றுமில்லை என முடிவு கட்டுவது நம் பிழை. ஆதிதிராவிடர், பஞ்சமர், பூர்வ பௌத்தர், தாழ்த்தப்பட்டோர் என அந்தந்தக் காலத்தின் சொற்களோடு தேட வேண்டும். 2005 முதல் இயங்கும் இலங்கைத் தமிழ் ஆவணங்களின் மின்னூலகமான ‘நூலகம்’ தளத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அமைத்த இயக்கத்தின் பெயர் ‘அகில இலங்கை சிறுபான்மைத் தமிழர் மகாசபை’. ‘சிறுபான்மைத் தமிழர்’ என்பது அங்கே சாதியைக் குறித்த சொல் என அறியாதவர் அந்த வரலாற்றின் வாசலையே காணமாட்டார். டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’ இதழ்களும் அங்குண்டு. அவற்றின் பொருளடக்கத்தைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பது, சொல்லிட்டுத் தேடுவதைவிட அதிகம் தரும்.

நல்ல தளம் ஒன்று கிடைத்தபின், அது யாரைச் சுட்டுகிறது, அதன் கட்டுரையாளர்கள் வேறெங்கே எழுதுகின்றனர் என்று பின்தொடர்வதே அடுத்த தளத்துக்கு வழி. நம்பகத்தைச் சோதிக்க என் முதல் உரைகல் அம்பேத்கர் மேற்கோள்தான். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இன்றி அவர் பெயரில் உலவும் வாசகங்களை அப்படியே ஏற்கும் தளத்தின் பிற செய்திகளையும் நான் ஐயத்தோடுதான் படிப்பேன். மகாராட்டிர அரசு 1979 முதல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுதிகள் இணையத்தில் உள்ளன. ‘சாதி ஒழிப்பு’ நூலின் குறிப்புகளுடன் கூடிய பதிப்பு ஒன்றைக் கொலம்பியா பல்கலைக்கழகத் தளத்தில் பிரான்சஸ் பிரிட்செட் உருவாக்கி வைத்துள்ளார். ஒப்பிட்டுப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

கண்டடைந்ததைக் காப்பது தனி வேலை. சிறு தளம் பெரும்பாலும் ஓரிருவரின் சொந்தப் பணத்தில் ஓடுகிறது. முகவரிக்கான கட்டணத்தை ஓராண்டு கட்டத் தவறினால் முகவரி கைமாறலாம். வழங்கிக்கான வாடகை நின்றால் பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் மறையலாம். இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ அங்கே உதவும். பக்கத்தின் முகவரியை அதில் இட்டுச் சேமித்தால் தேதியுடன் ஒரு நகல் நிற்கும். ஏற்கெனவே மறைந்துபோன தளத்தின் பழைய முகவரியை இட்டாலும், முன்பு எவரேனும் சேமித்திருந்தால் அது திறக்கும். காணொளிகள் பெரும்பாலும் இவ்வகையில் தங்குவதில்லை. உரியவரின் ஒப்புதலுடன் அவற்றைத் தனியே பதிவிறக்கி வைக்க வேண்டும்.

ஆய்வேடு எழுதும் மாணவர்கள், அடிக்குறிப்பில் தளத்தின் பெயரோடு நிறுத்தாமல் முழு முகவரியையும், படித்த தேதியையும், காப்பக நகலின் முகவரியையும் சேர்த்து எழுதலாம். அவ்வேடு பின்னர் இணையத்தில் ஏறும்போது அந்த அடிக்குறிப்பே அத்தளத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் தரும் இணைப்பாகவும் அமையும்.