பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், வடபகுதி மக்களில் பலர் இன்றும் கட்டுநாயக்கவை மனதிற்கொண்டே பதில் கூறுவர். பல தசாப்தங்களாக அவர்களுக்கு அந்த ஒரு வழியே இருந்தமையால் அதில் வியப்பேதுமில்லை.

பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீற்றர் மாத்திரமே. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 650 கிலோமீற்றர். எனினும் இரு பயணங்களுக்குமான நேரத்தில் பெரிய வேறுபாடில்லை. இரண்டும் ஒன்றேகால் மணித்தியாலத்தை அண்மித்தவையே.

இதற்குக் காரணம் விமானத்தின் வகையாகும். பலாலி சேவையில் ஈடுபடும் ஏ.ரி.ஆர். 72 ரக விமானங்கள் சுமார் 70 ஆசனங்களைக் கொண்டவை; மணிக்கு 500 கிலோமீற்றர் அளவான வேகத்தில் பறப்பவை. ஜெட் விமானங்களோ 800 கிலோமீற்றரைத் தாண்டிய வேகத்தில் செல்கின்றன. அத்துடன், ஓடுபாதைக்கு நகர்வதற்கும் மேலெழுவதற்கும் தரையிறங்குவதற்கும் செலவாகும் நேரம், தூரம் குறைவு என்பதற்காகக் குறைவதில்லை.

ஆயினும் பயணியின் கணக்கு வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பிக்கின்றது. கட்டுநாயக்க வழியே செல்பவர் முதலில் சுமார் 400 கிலோமீற்றர் தெற்கே சென்று, விமான நிலையத்தில் சில மணித்தியாலங்கள் காத்திருந்து, பின்னர் வடக்கு நோக்கிப் பறக்க வேண்டும். ஓர் இரவும் மறுநாளின் பெரும்பகுதியும் கழிந்து விடுகின்றன. சிகிச்சைக்குச் செல்லும் முதியவருக்கும், சிதம்பரத்துக்கோ நாகூருக்கோ செல்லும் யாத்திரிகருக்கும், புடைவை வியாபாரிக்கும் இந்தச் சுமை ஒன்றேயாகும்.

இவ்வழி புதியதன்று. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகவே சென்னைக்குப் பறந்தது. யுத்தம் அந்த வழியை மூடியது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் அது நின்றது. கட்டுநாயக்க 2021 ஜனவரியில் மீளத் திறக்கப்பட்டபோதிலும், பலாலிச் சேவைக்கு 2022 டிசெம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

பெரிய விமானங்கள் வருவதற்கு ஓடுபாதை நீட்டப்பட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. அதேவேளை, 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் தமது காணிகளுக்காக இன்னமும் காத்திருக்கின்றனர் என்பதை மறந்துவிடலாகாது. விமான நிலையத்தின் பெயரால் அவர்களது உரிமை மேலும் பின்தள்ளப்படக் கூடாது.

காணி உரிமையாளர்களுடன் வெளிப்படையாகப் பேசி, அவர்களுக்கு உரியதை வழங்கி, அதன் பின்னரே விரிவாக்கத்தை முன்னெடுப்பது அரசின் கடமையாகும். ஒன்றேகால் மணித்தியாலப் பயணம் மீண்டும் இரண்டு நாள் அலைச்சலாக மாறாதிருப்பதும் அதே அரசின் பொறுப்பே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.