மாற்ற முடியாத வடிகட்டிகள்





புழல் ஏரித் தண்ணீரை 1914-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைத்துச் சுத்திகரித்து நகரத்திற்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அத்தகைய வடிகட்டி அடைத்துக்கொண்டால் மேல் மணலைச் சுரண்டிவிட்டுப் புது மணல் போடலாம். நம் சரீரத்திற்குள் தேவன் வைத்திருக்கும் வடிகட்டிகளை அப்படிப் புதுப்பிக்க முடியாது.

கைமுட்டி அளவுள்ள ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பகுதியிலும் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் பந்துபோலச் சுருண்டிருக்கின்றன. இதற்குக் கிளாமருலஸ் என்று பெயர். அதைச் சுற்றியிருப்பது பௌமானின் கிண்ணம். இரத்தம் உள்ளே வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் குறுகலானது. அதனால் உண்டாகும் அழுத்தத்தில் தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா ஆகியவை கிண்ணத்திற்குள் வடிகின்றன. இரத்த அணுக்களும் புரதமும் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன.

இப்படி ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர்! கிண்ணத்தை அடுத்துள்ள நீண்ட நுண்குழல் அதில் 99 சதவீதத்தை, உடலுக்கு வேண்டிய சர்க்கரை, உப்புகளோடு, திரும்ப இரத்தத்தில் சேர்க்கிறது. மீதி ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இந்த வடிகட்டிகளைப் பழுதாக்குகின்றன. அப்போது அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியும். வலி இராது. பிறந்தபின் புதிய நெஃப்ரான்கள் உருவாவதில்லை. எஞ்சியவை கூடுதல் பாரம் சுமக்கின்றன. கால் வீங்கி மருத்துவரிடம் வருவதற்குள் பெரும்பகுதி அழிந்திருக்கக்கூடும்.

பின்பு வாரத்திற்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ், அல்லது மாற்றுச் சிறுநீரகம். இந்தியாவில் முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம்! ஆயினும் மாற்றுச் சிறுநீரகம் எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை.

ஆகவே சர்க்கரையோ கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமினையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பரிசோதிப்பது அவசியம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வெயிலிலும் உலைச்சூட்டிலும் உழைக்கும் சகோதரர்கள், தண்ணீர் போதுமான அளவு குடிக்காமல், உடல்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குவதும் சிறுநீரகத்திற்குக் கேடு. உங்கள் சபையில் இதை அன்புடன் எடுத்துச் சொல்லுங்கள்.

சங்கீதம் 139:13-இல் ‘உள்ளிந்திரியங்கள்’ என நாம் வாசிக்கும் எபிரெயச் சொல்லுக்கு நேர்ப்பொருள் சிறுநீரகங்கள் என்பதே. அவர் உருவாக்கியதை அழியுமுன் காப்பதும் ஊழியமே. டயாலிசிஸுக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கை ஓர் உயிரைத் தாங்குகிறது. ஏழை ஒருவரின் பரிசோதனைக்குக் கொடுக்கும் சிறு தொகை, அவர் அந்த இயந்திரத்தண்டை வராமலே காக்கக்கூடும். இரண்டிற்காகவும் ஜெபியுங்கள், தாங்குங்கள்.