பயத்தைப் பேசும் கதைகள் நம் பிள்ளைகளுக்குத் தேவை

2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர் பகுதியில் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பெரியவர்கள் நாம் அதைச் செய்தியாகப் பேசி முடித்துவிட்டோம். அத்தாவையோ அம்மாவையோ குவாரிக்கும் பட்டாசு ஆலைக்கும் அனுப்பிவிட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை.

பிள்ளைகள் பயத்தைப் பயம் என்று சொல்ல மாட்டார்கள். வயிறு வலிக்கிறது என்பார்கள். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டார்கள். நாமோ, "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று அடக்கிவிடுகிறோம். சோறு ஊட்டப் பூச்சாண்டியைக் கூப்பிடுவதும் நாம்தான்.

கதை உதவுவது எப்படி?

தன் பயத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளை, கதையில் வரும் பிள்ளையின் பயத்தைப் பற்றித் தயங்காமல் பேசும். அந்தப் பேச்சில் தன்னுடையதும் வெளியே வந்துவிடும். மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நம் வீடுகளில் சொல்கிறோம். கைத்தடி பாம்பாக நெளிந்தபோது அவர்கள் அஞ்சியதைக் குர்ஆன் மறைக்கவில்லை. நபிக்கே அச்சம் வந்தது என்று தெரிந்த பிள்ளை, தன் பயத்துக்காக வெட்கப்படாது.

அன்றாட வாழ்வைச் சொல்லும் புத்தகங்களும் தமிழில் உண்டு. தவறான தொடுதலுக்கு அஞ்சும் சிறுமியைப் பற்றிய யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவல், 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஜி.மீனாட்சியின் 'மல்லிகாவின் வீடு' சிறுகதைத் தொகுப்பு 2022இல் அதே விருதைப் பெற்றது. பள்ளிக்கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறிய கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்துள்ளது.

வீட்டில் என்ன செய்யலாம்?

மஃக்ரிபுக்குப் பின் பத்து நிமிடம் போதும். ஒரு கதையைப் படித்துவிட்டு, "அந்தப் பிள்ளை ஏன் பயந்துச்சு?" என்று கேட்போம். பதிலைத் திருத்த வேண்டாம். நீதி சொல்லவும் வேண்டாம். "ஒன்றும் நடக்காது" என்ற பொய் வாக்குறுதியைவிட, "அத்தா வேலையில் என்னென்ன கவனமாகச் செய்கிறார்" என்று உள்ளதைச் சொல்வது பிள்ளையைத் தேற்றும்.

பிள்ளையின் பேச்சில் யாரோ துன்புறுத்துவது தெரிய வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ உடனே அழைப்போம். மற்ற பயங்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒருவர் இருந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.